கவுன்ட்டரில் நின்ற பாட்டி மேல் வந்த கோபம்

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். எனக்கு 41 வயது. 2009-ல் ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்தேன். மூன்று வருடத்துக்கு முன் பதவி உயர்வு கிடைத்து அதிகாரியானேன். இப்போது தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு சின்ன ஊர்க் கிளையில் துணை மேலாளர். நகைக்கடன், பெட்டகச் சாவி, இன்சூரன்ஸ் டார்கெட் மூன்றும் என் தலையில். காலை 4:30-க்கு எழுந்து சமைத்து வைத்துவிட்டு 7:30 பஸ்ஸைப் பிடித்தால் 9 மணிக்குக் கிளை. இரவு 7:30-க்குக் கிளம்பி வீடு வர 9 ஆகிறது. அதற்குப் பிறகும் ஆபீஸ் வாட்ஸ்அப் குரூப் ஓயாது.

போன மாதம் ஒரு பாட்டி தோடு திருப்ப வந்தார். வட்டி எவ்வளவு என்று மூன்று தடவை கேட்டார். நான்காவது தடவை கேட்டதும் கத்திவிட்டேன். கிளையே திரும்பிப் பார்த்தது. பாட்டி ஒன்றும் பேசாமல் பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அன்று இரவு முழுக்கத் தூக்கமில்லை. நான் இப்படிப்பட்டவள் இல்லை, டாக்டர்.

மே மாதம் எல்.எஃப்.சி.யில் (வங்கி தரும் விடுமுறைப் பயணச் சலுகை) மூணாறு போய்வந்தோம். திரும்பி வந்த இரண்டாவது வாரமே பழைய நிலைமை. மகள் பள்ளி ஆண்டு விழாவில் ஆடினாள். கை தட்டினேன், ஆனால் உள்ளே ஒன்றுமே தோன்றவில்லை. சில நாள் பஸ்ஸில் போகும்போது, லேசாக அடிபட்டு ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் படுத்தால் நன்றாக இருக்குமே என்று நினைக்கிறேன். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கிய தூக்க மாத்திரையை ஆறு வாரமாக தினமும் போடுகிறேன். கணவரிடம் சொன்னால், "ஏசி ரூம், மாதமானால் சம்பளம், இதுக்கு மேல என்ன வேணும்?" என்கிறார். வேலையை விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் தடவை என்னை நிறுத்தியது பாட்டி விஷயம். இரண்டாவது தடவை, பஸ்ஸில் வரும் அந்த நினைப்பு. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

"லேசா ஒரு ஆக்ஸிடென்ட் ஆனால் போதும்", "காய்ச்சல் வந்தால் போதும்", "ஆபரேஷன் என்று படுத்தால் யாரும் கூப்பிட மாட்டார்கள்" என்று என் அறையில் சொல்லாத தொழிலே இல்லை. ஆசிரியர்கள், நர்ஸுகள், போலீஸ்காரர்கள், ஐ.டி.யில் வேலை செய்பவர்கள், எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். சாக வேண்டும் என்பது அதற்கு அர்த்தம் இல்லை. லீவு கேட்க வாய் வராதவர்கள் உடம்பை விட்டுக் கேட்க வைக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனாலும் நான் இதை லேசாக எடுத்துக்கொள்வதில்லை. "ஒரு வாரம் படுத்தால் நன்றாக இருக்கும்" என்பது சிலருக்குக் கொஞ்ச நாளில் "எழுந்திருக்காமலே போனால் நன்றாக இருக்கும்" என்று மாறிவிடும். அந்தப் பக்கம் நினைப்பு ஒரு நாள் திரும்பினாலும் தனியாக வைத்துக்கொள்ளாதீர்கள். அருகில் இருக்கும் ஒருவரிடம் அப்போதே சொல்லுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104, இரண்டிலும் எந்த நேரமும் தமிழில் பேசலாம், காசு கிடையாது. இப்போதே இரண்டு எண்ணையும் போனில் சேமித்துவிட்டு மேலே படியுங்கள்.

சரி, பாட்டிக்கு வருவோம். உங்கள் நிலைமை பர்ன்அவுட் போலத் தெரிகிறது, அதாவது வேலை மனிதரைத் தேய்த்துவிடும் நிலை. பர்ன்அவுட் என்றால் நிறையப் பேர் களைப்பு என்று மட்டும் நினைக்கிறார்கள். களைப்பு எல்லாருக்கும் வரும், தூங்கி எழுந்தால் போகும். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் இதற்கு மூன்று அடையாளங்கள் சொன்னது. சக்தி வற்றிப்போவது. செய்கிற வேலையிலிருந்து மனம் விலகி, அதன் மேலேயே வெறுப்பு வருவது. முன்பு செய்த அளவுக்கு இப்போது நம்மால் செய்ய முடியவில்லை என்று ஆகிவிடுவது. என் அனுபவத்தில் இந்த நடு அடையாளம்தான் மனிதர்களை அதிகம் பயமுறுத்துகிறது. எதிரில் நிற்பவர் மனிதராகத் தெரியாமல் இன்னொரு தொல்லையாகத் தெரிகிறார். வாயிலிருந்து வார்த்தை வந்த பிறகுதான், பேசியது நாம்தானா என்று திடுக்கிடுகிறோம்.

பர்ன்அவுட் என்ற சொல்லை 1974-ல் ஒரு கட்டுரையில் எழுதிப் பிரபலமாக்கிய மனநல நிபுணர் ஃபிராய்டன்பெர்கர், நியூயார்க்கில் ஒரு இலவச மருத்துவ நிலையத்தில் பகல் வேலை முடித்துவிட்டு இரவில் சேவை செய்தவர். தன்னிடமும் தன்னோடு இருந்த தொண்டர்களிடமும் பார்த்ததைத்தான் எழுதினார். அக்கறையோடு வந்தவர்கள்தான் சில மாதங்களில் எரிந்து விழுகிறவர்களாக ஆனார்கள். மற்றவருக்காக வேலை செய்பவர்களுக்கு இது அதிகம் வருவதற்குக் காரணம், அந்த வேலையில் கையோடு மனதையும் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதுதான். உங்கள் கிளையில் நகை வைக்க வருகிறவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியாதா? பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவும், உரம் வாங்கவும், ஆஸ்பத்திரிச் செலவுக்கும் வருகிறவர்கள். அத்தனை பேர் கவலையும் நாள் முழுக்க உங்கள் மேஜைக்கு வந்து போகிறது.

எனக்கு நடந்த ஒன்றைச் சொல்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு முன் ஒரு அரசு மருத்துவமனையில் இளநிலை மருத்துவராக இருந்தேன். தொடர்ந்து நான்கு இரவு டியூட்டி. நான்காவது இரவு மூன்று மணிக்கு ஒரு அப்பா வந்து, "பையனுக்கு எப்பம்மா சரியாகும்?" என்று கேட்டார். அதற்கு முன்னாலும் கேட்டிருந்தார். கையில் இருந்த கேஸ் ஷீட்டை மேஜை மேல் வீசி, "நான் என்ன கடவுளா?" என்று கத்தினேன். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "தப்பா கேட்டிருந்தா மன்னிச்சுக்குங்க" என்றார். அந்தத் துண்டு இன்னும் என் கண்ணில் இருக்கிறது. விடியற்காலை எங்கள் வார்டு தலைமைச் செவிலியர் என்னை உட்கார வைத்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "கடைசியா எப்ப சாப்பிட்டீங்க?" எனக்கு நினைவில்லை. அவர் போய்த் துறைத் தலைவரிடம் சண்டை போட்டார். அடுத்த மாதத்திலிருந்து யாருக்கும் இரண்டு இரவுக்கு மேல் தொடர்ந்து போடக் கூடாது என்று ஆனது. என் பொறுமை திரும்ப வந்தது. பொறுமையாக இருப்பது எப்படி என்று யாரும் எனக்கு வகுப்பு எடுக்கவில்லை. டியூட்டி அட்டவணை மாறியது, அவ்வளவுதான்.

இதைத்தான் உங்களுக்கும் சொல்ல நினைக்கிறேன். நீங்கள் மாறிவிட்டீர்கள் என்று பயப்படுகிறீர்கள். மூன்று வருடமாக நீங்கள் இருக்கும் நிலைமையில் யாரை உட்கார வைத்தாலும் அந்தப் பாட்டி மேல் கத்தியிருப்பார்கள். அதனால் "நான் ஏன் இப்படி ஆனேன்" என்று கேட்பதைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, "இந்த வேலையில் எது என்னை இப்படி ஆக்குகிறது" என்று கேளுங்கள்.

நீங்கள் எழுதிய நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒரு நாளுக்குப் பத்தரை மணி நேரம், ஐந்து நாள். இரண்டாவது, நான்காவது சனி விடுமுறை போக மற்ற சனிக்கிழமைகளும் வேலை. சராசரி வாரத்துக்கு 55 மணி நேரத்தைத் தாண்டுகிறது. பஸ்ஸில் போகும் மூன்று மணி நேரத்தையும், நடு இரவு வாட்ஸ்அப்பையும் நான் சேர்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021-ல் ஓர் ஆய்வு வெளியிட்டன. வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதமும், மாரடைப்பு போன்ற இதயநோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் அதிகம் என்றது அது. ஏசி ரூமில் உட்கார்ந்து செய்தாலும் இதில் மாற்றமில்லை. உங்கள் கணவரிடம் முதலில் இந்த வரியைக் காட்டுங்கள்.

நேரம் மட்டும் காரணம் இல்லை. கல்யாண வீட்டில் நூறு பேருக்குச் சமைக்கிறோம். நம் வீட்டுக் கல்யாணம் என்றால் இடுப்பு ஒடிந்தாலும் மனம் ஒடியாது. எதை முதலில் அடுப்பில் ஏற்றுவது, எப்போது கொஞ்சம் உட்காருவது என்பதெல்லாம் நம் கையில். அதே சமையலில் பத்து நிமிடத்துக்கு ஒருவர் வந்து "இதை இறக்கு, அதை ஏற்று, பாயசம் ஏன் இன்னும் ஆகலை" என்று போனால்? 1979-ல் காராசெக் என்ற ஆய்வாளர் இதைத்தான் ஒரு கோட்பாடாக எழுதினார். வேலைப் பளு அதிகமாக இருந்து, அதைச் செய்யும் விதத்தில் நம் கை குறைவாக இருப்பதுதான் மனிதரை மிக மோசமாகத் தேய்க்கிறது. உங்கள் நாளைப் பாருங்கள். நகையை மதிப்பிடும் அப்ரைசர் அதை உரசிக்கொண்டிருக்கிறார், வரிசையில் பதினைந்து பேர் நிற்கிறார்கள், ரீஜனல் ஆபீஸிலிருந்து "இன்று லாகின் டே (பாலிசி பதிவு செய்யும் நாள்), எத்தனை பாலிசி?" என்று போன் வருகிறது, இரண்டு பேர் சாவியும் சேர்ந்தால்தான் திறக்கும் பெட்டகத்தின் இன்னொரு சாவிக்காரர் டீ குடிக்கப் போயிருக்கிறார், அவர் வரும்வரை நகைப் பொட்டலத்தை எடுக்க முடியாது. இந்த நேரத்தில்தான் பாட்டி வட்டி எவ்வளவு என்று கேட்டார்.

மூணாறு பலன் இரண்டு வாரத்தில் கரைந்ததற்கும் இதுதான் காரணம். விடுமுறையின் பலன் சில வாரங்களில் போய்விடும் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. திரும்பி வந்து உட்காரும் நாற்காலி அதேதானே? விடுமுறை வேண்டும்தான், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஆபீஸில் நடத்தும் ஒரு மணி நேர யோகா வகுப்பைப் பற்றியும் இதையேதான் சொல்வேன். யோகா நல்லது, நானும் செய்கிறேன். ஆனால் வகுப்பு முடிந்த அதே மாலை ஏழு மணிக்கு ரிவ்யூ மீட்டிங் வைத்தால் அதனால் யாருக்கும் பயனில்லை.

ஆனால் வேலையைத் தொடுவதற்கு முன் உடம்பைப் பார்க்க வேண்டும். இதைத் தள்ளிப்போட வேண்டாம். 41 வயதுப் பெண்ணுக்குக் களைப்பு, எரிச்சல், தூக்கமின்மை என்றால் நான் முதலில் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 எழுதிக் கொடுப்பேன். மாதவிலக்கு முறை தவறுகிறதா என்றும் கேட்பேன். "வேலை டென்ஷன்" என்று இரண்டு வருடம் சொல்லிக்கொண்டே வந்த ஒருவருக்கு ஹீமோகுளோபின் மிகக் குறைந்து 7-ல் இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது மகள் ஆடிய விஷயம். பர்ன்அவுட் மட்டும் இருப்பவருக்கு வேலை என்றால் கசக்கும், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பிள்ளையோடு சிரிக்க முடியும். அங்கேயும் ஒன்றும் தோன்றாமல் போனால், அது மனச்சோர்வு நோயாக மாறியிருக்கலாம் என்று சந்தேகப்படுவேன். கடிதத்தை வைத்து அதை முடிவு செய்ய முடியாது, நேரில் பார்க்க வேண்டும். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, தனியாரிடம் போவதென்றாலும் சரி. மனச்சோர்வுக்கு நல்ல சிகிச்சை உண்டு. ஆபீஸுக்குத் தெரிந்தால் அடுத்த பதவி உயர்வு போய்விடுமோ என்ற பயம் உங்களுக்கு இருக்கலாம். 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியமாக இருப்பது உங்கள் உரிமை, அதைக் காப்பது மருத்துவரின் கடமை.

தூக்க மாத்திரையின் பெயரை நீங்கள் எழுதவில்லை. கடையில் கேட்டதும் எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் அல்பிரசோலம் வகை. மருத்துவர் சீட்டு இல்லாமல் அதை விற்கவே கூடாது. ஆறு வாரம் தினமும் போட்டால் உடம்பு அதற்குப் பழகியிருக்கும். அதனால், பயந்துபோய் இன்றிரவே நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் தூக்கம் இன்னும் கெடும், நடுக்கமும் படபடப்பும் வரும், சிலருக்கு வலிப்புகூட வரலாம். அளவைக் கூட்டவும் வேண்டாம். மருத்துவர் படிப்படியாகக் குறைத்துத் தருவார்.

இப்போது உங்கள் கணவரிடம் ஒரு வார்த்தை. ஐயா, அவர் சுகமான வேலையைக் குறை சொல்லவில்லை. காலை 4:30-க்குத் தொடங்கும் அவருடைய நாளில் முதல் ஷிப்ட் உங்கள் வீட்டு அடுப்பங்கரையில்தான் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள் காலை டிபனும் மதியச் சாப்பாட்டு டப்பாவும் உங்கள் பொறுப்பு என்று எடுத்துக்கொள்ளுங்கள். "உதவி செய்கிறேன், என்ன செய்யணும் சொல்லு" என்று கேட்க வேண்டாம். அதைச் சொல்வதும் அவருக்கு ஒரு வேலைதான். என்ன காய், எத்தனை டப்பா, பிள்ளைக்கு எது பிடிக்காது என்பதை நீங்களே தெரிந்துகொண்டு செய்யுங்கள். அந்த மூன்று நாள் அவர் ஆறு மணிவரை தூங்கட்டும். நான் எழுதிக் கொடுக்கும் எந்த மாத்திரையைவிடவும் அந்த ஒன்றரை மணி நேரத் தூக்கம் அவருக்கு முக்கியம்.

வேலையைப் பொறுத்தவரை, ஒரே ஒரு வாரம் ஒரு சின்ன நோட்டில் எழுதி வையுங்கள். நகை மீட்பு எத்தனை, புதுக்கடன் எத்தனை, நடுவில் எத்தனை போன் வந்தது, சாவிக்காகக் காத்திருந்தது எவ்வளவு நேரம், ஐந்து மணிக்கு மேல் உட்கார்ந்தது எதற்காக. இதே நிலையில் இருந்த இன்னொரு வங்கி அதிகாரியை இப்படி எழுத வைத்தேன். அவரை வீட்டுக்கு விடாமல் வைத்தது கடன் வேலை இல்லை, மாலையில் ஒருவருக்கொருவர் காத்திருந்து பெட்டகம் பூட்டும் நேரம்தான் என்று தெரிந்தது. இரண்டு சாவிக்காரர்களும் உட்கார்ந்து பேசி, ஆறு மணிக்குப் பூட்டுவது என்று வைத்துக்கொண்டார்கள். ஒரு நாளுக்கு ஒரு மணி நேரம் மிச்சமானது.

உங்களுக்கு எது மிச்சமாகும் என்று அந்த நோட்டு சொல்லும். அதை வைத்துக்கொண்டு மேலாளரிடம் போங்கள். "முடியவில்லை சார்" என்று போகாதீர்கள். அவர் கழுத்திலும் கத்தி இருக்கிறது, "எனக்கு மட்டும் முடியுதா" என்பார். "காலை பத்திலிருந்து ஒரு மணிவரை நகை வரிசை. அந்த நேரத்தில் இன்சூரன்ஸ் போனையும் நானே பார்த்தால் இரண்டும் கெடுகிறது. எடையில் தப்பு வந்தால் பொறுப்பு நம் இருவருக்கும். மூன்று மணிக்கு மேல் இன்சூரன்ஸ் பார்க்கிறேன், அதுவரை வேறு ஒருவர் பேசட்டும்" என்று சொல்லுங்கள். ஒரு கோரிக்கை போதும். வாயால் பேசியதை அன்றே மெயிலிலும் போட்டுவிடுங்கள். ஒத்துவராவிட்டால் உங்கள் அதிகாரிகள் சங்கத்திடம் போங்கள். தனியாக முறையிடுகிறவரை "வேலை தெரியாதவர்" என்று ஒதுக்கிவிட முடியும், சங்கம் பேசினால் அப்படிச் செய்ய முடியாது.

ஒன்றை விசாரித்துப் பாருங்கள். பொறுப்பான இடங்களில் இருக்கும் வங்கி ஊழியர்களை வருடத்துக்கு ஒரு முறை, குறைந்தது பத்து வேலை நாள் ஒரேயடியாக, முன்கூட்டிச் சொல்லாமல் கட்டாய விடுப்பில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அந்த நாட்களில் அவரிடம் எந்த வேலைப் பொறுப்பும் இருக்கக் கூடாது. மோசடி நடந்தால் வெளியே தெரியட்டும் என்பதற்காகக் கொண்டுவந்தது அது. ஆனால் ஒரு மனநல மருத்துவராக நான் கேட்பதும் இதே முழு விலகலைத்தான். பெட்டகச் சாவி வைத்திருக்கும் உங்களுக்கு இது பொருந்துமா, பொருந்தினால் கடைசியாக எப்போது அனுப்பினார்கள் என்று ஹெச்.ஆரிடம் கேளுங்கள். பத்து நாள் நீங்கள் இல்லாமல் கிளை நடக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது என்றால், இரவு ஒன்பதுக்கு மேல் நீங்கள் இல்லாமலும் நடக்கும். அந்த வாட்ஸ்அப் குரூப்பை ஒன்பதிலிருந்து காலை ஏழுவரை மௌனத்தில் போடுங்கள். கிளம்புவதற்கு முன் ஐந்து நிமிடம் உட்கார்ந்து, மிச்சமிருக்கும் வேலையையும் நாளைக்கு முதலில் தொட வேண்டியதையும் ஒரு தாளில் எழுதி டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். முடியாத வேலைதான் ராத்திரி மனதுக்குள் ஓடிக்கொண்டிருக்கும். எழுதி வைத்தால் கொஞ்சம் விடும்.

வேலையை விடலாமா என்று கேட்டீர்கள். இப்போது வேண்டாம். விடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. பதவி உயர்வை விட்டுக்கொடுத்தவர்களையும், வேலையையே விட்டுவிட்டு நிம்மதியாக இருப்பவர்களையும் எனக்குத் தெரியும். ஆனால் ஆறு வாரம் மாத்திரைத் தூக்கம் தூங்கியவர் எடுக்கும் முடிவு களைப்பின் முடிவு. முதலில் மருத்துவரைப் பாருங்கள். அவர் சொன்னால் மெடிக்கல் லீவ் எடுங்கள், அதற்காகத்தான் அது இருக்கிறது. மூன்று மாதம் ஒழுங்காகத் தூங்கி, வேலையில் ஒன்றாவது மாறுகிறதா என்று பாருங்கள். வீட்டுக்குப் பக்கத்துக் கிளைக்கு மாற்றல் கேட்டு இப்போதே எழுதிப் போடுங்கள். இத்தனைக்குப் பிறகும் ஒன்றும் மாறவில்லை என்றால், கணக்கு வழக்கோடு கணவரும் நீங்களும் உட்கார்ந்து பேசுங்கள்.

அந்தப் பாட்டி மறுபடி வருவார். மீட்ட தோட்டை நடவுச் செலவுக்கு மறுபடி கொண்டுவருவார்கள் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். அன்று அவரை ஒரு நாற்காலியில் உட்கார வைத்து, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். அவர் ஏன் திரும்பத் திரும்பக் கேட்டார் தெரியுமா? வீட்டில் போய் மகனிடம் சொல்ல வேண்டுமே, மறந்துவிடுமோ என்ற பயமாக இருக்கும். மன்னிப்புக் கேட்கத் தோன்றினால் கேளுங்கள்.

இந்த வாரத்திலேயே ஒரு நாள் அரை லீவ் போட்டுவிட்டு டாக்டரைப் பாருங்கள். மாத்திரை அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.